சூடு ஏறினால் நிற்கும்

பழைய படகு மோட்டார் பாதி வழியில் நின்றுபோனால் ஆட்கள் முதலில் செய்வது அதைத் திட்டுவதுதான். அடுத்தது, கயிறு கையோடு வரும்வரை இழுப்பது. அதற்கும் மசியவில்லை என்றால் என்னைத் தேடி வருவார்கள். நான் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். என் தொழில் அவ்வளவுதான்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொல்லிக் காகிதமும் பேனாவும் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவும் வைத்திருக்கிறீர்கள். நன்றி. வாசலில் நிற்கும் காவலர் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். என் மாப்பிள்ளை, அதாவது என் ஒரே மகளின் கணவர், சென்ற மாதம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். விபத்து என்று நீங்கள் எழுதி மூடிய விஷயம் அது. அது விபத்து இல்லை என்று சொல்லத்தான் நானாக நடந்து வந்திருக்கிறேன். என் மகள் இன்று மாலை பஸ்ஸில் இந்த ஊரை விட்டுப் போகிறாள். அது வேறு விஷயம். ஆனாலும் அதற்குள் எழுதி முடித்துவிட்டால் நல்லது.

என் பட்டறை படகுத்துறையின் கடைசியில் இருக்கிறது. நீங்களே வந்து பார்த்ததுதான். தகரக் கூரை, சுவரில் வரிசையாக ஸ்பானர்கள், வாசலில் தண்ணீர் நிரப்பிய பெரிய இரும்பு டிரம். மோட்டாரை டிரம்மின் விளிம்பில் மாட்டி, அதன் காலைத் தண்ணீரில் விட்டு ஓட்டிப் பார்ப்பேன். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை. என் மகள் வளர்ந்தது அங்கேதான். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் அவள் அம்மா, தன் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டு வந்தேன். அவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. அந்தப் பஸ்ஸை எப்படியாவது நிறுத்தியிருக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

பெண் குழந்தையைத் தனி ஆளாக வளர்ப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. தலை வாரிவிடுவதுதான் கஷ்டம். கிரீஸ் கையோடு சடை பின்ன முடியாது. மண்ணெண்ணெயில் கையை அலசி, சோப்புத்தூள் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவ நான் பழகியது அவளுக்காகத்தான். கல்யாணத்தன்று காலைவரை அவள் சடையை நான்தான் பின்னினேன். சொன்னால் சிரிப்பீர்கள், மற்ற பெண்களுடையதைவிட நன்றாகவே இருந்தது.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, சோப்பு, சிகரெட் என்று படகில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. குடி கிடையாது. குரலை உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை. அவர் படகில் மாட்டியிருந்த மோட்டார் என் மகளைவிட வயதானது. பெண்ணைக் கொடுத்ததும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்து வந்தது என்று நானே வேடிக்கையாகச் சொல்வேன். இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்தார்கள். முதலில் தினமும் வந்தாள். பிறகு வாரம் ஒருமுறை. அப்புறம் கேட்டால், "வேலை சரியா இருக்குப்பா" என்பாள். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு வேலை சரியாக இருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் மாப்பிள்ளையின் மோட்டார் திக்கித் திணற ஆரம்பித்தது. இதை விவரமாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போவது புரிய வேண்டும் என்பதற்காக. பெட்ரோல் மோட்டார் ஓட பிளக்கில் பொறி வர வேண்டும். பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி தெரியும். நீலமாகத் தடியாக வந்தால் கவலை இல்லை. மஞ்சளாக நூல் மாதிரி வந்தாலோ, வராமலே போனாலோ, மின்சாரம் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். பிளக்கை மாற்றிப் பார். நிறுத்தும் சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டுப் பார். காயிலை மீட்டரில் வைத்துப் பார். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குறை என்று கடைசிவரை தெரியாது.

அந்த நாட்களில் மாப்பிள்ளை சாயங்காலமானால் பட்டறைக்கு வந்துவிடுவார். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மகளும் வருவாள். மூவரும் டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் டார்ச் பிடிப்பாள். "அப்பா, இந்த மோட்டாருக்கு வைத்தியம் பாக்கறதுக்குப் பதிலா கருமாதி பண்ணிடலாம்" என்பாள். அவள் சிரித்தால் தகரக் கூரைவரை கேட்கும். குறை எங்கே என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மோட்டாரின் இரும்பு உடம்போடு சேரும் எர்த் வயரின் முனை உப்பேறித் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் முடிந்தது கதை. ஆனால் அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சொல்ல மனசு வரவில்லை. அந்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தேன். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மோட்டார் சரியாயிற்று. அவர்கள் வருவது நின்றது. நல்ல மெக்கானிக்காக இருப்பதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளை, ஆற்றுக்கு அக்கரையில் வீடு பார்க்கிறேன் மாமா என்றார். கப்பல் ஏஜெண்டுகளின் ஆபீஸ் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, அலைச்சல் மிச்சமாகும் என்றார். நல்லது மாப்ளே என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கரை போனவர்கள் இக்கரைக்கு எதற்காக வருவார்கள்? படகில் கால் மணி நேரம்தான், ஆனால் அவள் அம்மா போன இடமும் பஸ்ஸில் அரை நாள்தான்.

இப்போது அந்தக் காயிலைப் பற்றிச் சொல்கிறேன்.

மோட்டாரின் உச்சந்தலையில் தொப்பி போல ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கும். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயில் உட்கார்ந்திருக்கும். தலைமுடி கனத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்தது. பழைய காயில்களில் சிலவற்றுக்கு ஒரு சீக்கு வரும். உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும். மோட்டார் ஓடிச் சூடு ஏறியதும் முனைகள் விலகும். பொறி பட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பழையபடி ஓடும். பட்டறைக்குக் கொண்டுவருவதற்குள் ஆறிவிடுமே, அதனால் மீட்டரில் வைத்தால் ஊசி ஒழுங்காக நிற்கும். டிரம்மில் கொஞ்ச நேரம் ஓட்டினாலும் சமர்த்தாக ஓடும். வீட்டில் ஆட்டம் போட்டுவிட்டு டாக்டரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை மாதிரி.

மகளுக்குக் கல்யாணம் ஆகும் முன்பு, ஒரு மணல் படகுக்காரரின் மோட்டாரில் இந்தச் சீக்கு வந்து என்னைப் படாத பாடு படுத்தியது. கடைசியில் மகளின் ஹேர் டிரையரை வாங்கி, காயில் மேல் சூடாக ஊதிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசி விழுந்தது. "என்னப்பா, மோட்டாருக்குத் தலைக்குக் குளிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். ஊதினால் விழுவதும் ஆறினால் எழுவதுமாக அந்த ஊசியை வைத்து இருவரும் வெகுநேரம் விளையாடினோம். காயிலைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். டப்பாவின் மேல் அவளே பேனாவால் 'நோயாளி' என்று எழுதினாள்.

வீடு மாற்றுவதற்கு முன் ஒருமுறை சர்வீஸ் பண்ணித் தருகிறேன் என்று மாப்பிள்ளையின் மோட்டாரை வாங்கி வைத்தேன். சக்கரத்தைக் கழற்ற அதற்கென்றே ஒரு கருவி வேண்டும். அது என்னிடம் இருந்தது. நல்ல காயிலை எடுத்துவிட்டு நோயாளியைப் பொருத்தினேன். நட்டை அளவாக இறுக்கினேன், வயரைப் பழைய இடத்திலேயே கட்டினேன். நான் வேலையில் அலட்சியம் காட்டியதாக யாரும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. அந்தக் காயில் எங்கே நிற்கும் என்று நான் யோசித்துத்தான் செய்தேன். நான் வந்து பார்க்கிறேன் என்று அவரோடு படகில் ஏறி, ஒருமுறை போய்ப் பார்த்தும் வந்தேன். துறையிலிருந்து கிளம்பினால் ஆற்றின் நடுவில் சிவப்பு மிதவை வருவதற்குச் சற்று முன் சூடு ஏறி நின்றது. அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒரு பக்கம் சேற்றுத் திட்டு. படகு அதில்போய் மெதுவாக ஒதுங்கும். கைக்குழந்தை இருந்தாலும் பயமில்லாத இடம். மிதவையைத் தாண்டினால்தான் ஆறு அகன்று, அதற்கப்பால் முகத்துவாரம், மணல் மேட்டில் அலை உடையும் இடம். அவ்வளவு தூரம் அந்தக் காயில் போகாது. மாப்பிள்ளையின் பாதுகாப்பை நினைத்துத்தான் எல்லாம் செய்தேன்.

பிறகு மறுபடியும் நல்ல காலம் வந்தது. மிதவைக்குப் பக்கத்தில் மோட்டார் நிற்கும். மாப்பிள்ளை போன் செய்வார். நான் என் சின்னப் படகை எடுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டி இழுத்து வருவேன். "நீங்க இல்லேன்னா என் பொழப்பு என்ன ஆகும் மாமா?" என்பார். சாயங்காலம் பட்டறையில் டார்ச், சாப்பாடு, மகள். அக்கரை வீட்டுப் பேச்சு தானாகவே தள்ளிப்போயிற்று. பிளக்கை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், பொறி வரும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் கறுப்புப் பெட்டியை மாற்றினேன். எதை மாற்றினாலும் டிரம்மில் ஓடும், ஆற்றில் நிற்கும். மகள் என் தோளில் கை வைத்து, "பாவம்பா நீங்க, இதோட மல்லாடி இளைச்சே போயிட்டீங்க" என்றாள். என் வாழ்நாளிலேயே நான் அத்தனை நிம்மதியாக இருந்தது அந்த மழைக்காலத்தில்தான்.

மாப்பிள்ளைக்குத்தான் நாளுக்கு நாள் முகம் விழுந்துபோயிற்று. நேரத்துக்குப் போய்ச் சேராத படகுக்குக் கப்பல்காரர்கள் காத்திருப்பார்களா? ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அழுததையும் பார்த்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கல்நெஞ்சுக்காரன் இல்லை நான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் எனக்குத் தெரியாமல் அக்கரை மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். கூடப் பிறந்தவர்களிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்த ஆளிடம் சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லை. கையில் இருந்த மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கே, சூடு தாங்கலைபோல. மேல்மூடியைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க, காத்து பட்டா கொஞ்சம் கூடுதலா ஓடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தப்பு என்று சொல்ல மாட்டேன். பாதி சரி. முழுக்கத் தெரியாதவன் பாதி சரியாகச் சொல்வதைப்போல ஆபத்தானது எங்கள் தொழிலில் எதுவும் இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவர் இறந்ததற்கு முந்தின நாள் நான் தெரிந்துகொண்டது வேறு ஒன்று. மகள் தனியாக வந்தாள். கையில் சாப்பாடு இல்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"நாங்க ஊரை விட்டுப் போறோம்பா. அவரோட அண்ணன் ஒரு குடோன்ல வேலை சொல்லி வச்சிருக்காரு. படகு வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு. இந்த மோட்டாரோட போராடிப் போராடி மனுஷன் பாதியா போயிட்டாருப்பா."

நான் டிரம்மில் மிதந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க. உங்களை விட்டுட்டு எனக்கு மட்டும் என்ன இருக்கு?"

"நான் வந்துட்டா இந்த மோட்டாரை எல்லாம் யாரு பாக்கறது?" என்றேன்.

"நாளைக்கு ஒரே ஒரு கப்பல். அதோட முடிஞ்சுது" என்றாள்.

அவள் போன பிறகு பட்டறைக் கதவைச் சாத்தினேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் சின்ன வயதில் காய்ச்சல் வந்து கிடந்தபோது வேண்டியதுபோல, யாரிடம் என்று தெரியாமல் வேண்டினேன். அவள் போகக் கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டாம். அவள் மட்டும் போகக் கூடாது. நல்ல காயிலை எடுத்துப் பொருத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். மோட்டார் ஒழுங்காக ஓடினால் மனசு மாறுவார்கள் என்று தோன்றியது. ஆனால் ஒழுங்காக ஓடினால் அக்கரை போவார்கள். ஓடாவிட்டால் ஊரை விட்டே போவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

மறுநாள் காலை மாப்பிள்ளை துறையிலிருந்து கிளம்பினார். நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். வழக்கம்போலக் கையை ஆட்டினார். அப்போதுதான் கவனித்தேன். மோட்டாரின் மேல்மூடி இல்லை. அதைக் கழற்றிப் படகின் நடுவில், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. காற்று பட்டால் சூடு மெதுவாக ஏறும். காயில் மிதவையில் நிற்காது. அதையும் தாண்டிப் போகும். எவ்வளவு தாண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். இத்தனை வருடப் பழக்கம், கணக்கு தானாகவே வந்து நின்றது. முகத்துவாரம்.

அன்று காற்றும் கடலிலிருந்து எதிராக வீசிக்கொண்டிருந்தது. தண்ணீர் வெளியே இழுக்கும் நேரம். மணல் மேட்டில் அலை வெள்ளையாக உடைவது துறையிலிருந்தே தெரிந்தது.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்துக்குக் கேட்கிற தூரத்தில்தான் படகு இருந்தது. கையை உயர்த்தினேன். அவர் தன் கையை இன்னொரு முறை ஆட்டினார். நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார்.

உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். போன் அடித்தது.

"மாமா, நின்னுடுச்சு. மிதவையைத் தாண்டி வந்துட்டேன், முகத்துவாரத்துக்கிட்ட இருக்கேன். அலை கொஞ்சம் பெருசா இருக்கு. சீக்கிரம் வாங்க."

"பதறாதீங்க மாப்ளே. நங்கூரத்தைப் போட்டுட்டு உக்காந்திருங்க. இதோ வந்துட்டேன்."

"சரி மாமா. நீங்க வந்துட்டா போதும்."

கை முழுக்க கிரீஸ். அந்தக் கையோடு எப்படிப் படகை எடுப்பது? மண்ணெண்ணெயில் அலசினேன். சோப்புத்தூள் போட்டேன். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை தேய்த்தேன். மகளுக்குச் சடை பின்னும் நாட்களில் கழுவியதுபோலக் கழுவினேன். போன் மறுபடி அடித்தது. ஈரக் கையால் எடுத்தால் கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டேன். துணியில் துடைத்துக்கொண்டு, என் படகின் டாங்க்கில் பெட்ரோல் ஊற்றினேன். புறப்படும் முன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது என் வழக்கம். கழற்றிப் பார்த்தேன். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து மாட்டினேன். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கேன்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. அவர் உடல் மறுநாள் ஒதுங்கியது. நங்கூரத்தைப் போட்டுத்தான் இருந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். மணல் மேட்டில் அலை உடையும் இடத்தில் நங்கூரம் போட்டால் படகு ஒதுங்காது, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு அலையாக வாங்கும். இது துறையில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் மாமா சொல்கிறாரே என்று போட்டிருக்கிறார்.

மோட்டாரை நீங்கள் மீட்டுக்கொண்டு வந்தீர்கள். இந்தப் பழைய ரகம் தெரிந்தவன் இவன் ஒருவன்தான் என்று என்னிடமே பரிசோதிக்கக் கொடுத்தீர்கள். நான் நன்னீரில் கழுவி, எண்ணெய் விட்டு, டிரம்மில் மாட்டி இழுத்தேன். உங்கள் கண் முன்னாலேயே ஓடியது. மீட்டரில் எல்லா இடத்தையும் தொட்டுக் காட்டினேன். மோட்டாரில் குறை இல்லை என்று சொன்னேன். ஆறியிருக்கும்போது அது பொய் இல்லை. மூடியைக் கழற்றி வைத்து ஓட்டியதால் அலைத்தண்ணீர் பட்டு நின்றிருக்கும் என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். ஒருவிதத்தில் பார்த்தால் அதுவும் சரிதான். மூடியைக் கழற்றியது நான் இல்லையே.

அந்த மோட்டார் இப்போதும் உங்கள் நிலையத்தின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கருவியைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அடியில் இருக்கும் காயிலில் மீட்டரை வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால் சூடாக ஊதுங்கள். ஊசி விழும். ஆறவிடுங்கள், எழும். நான் சொல்வது அத்தனையும் உண்மை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஹேர் டிரையரும் பட்டறையில்தான் இருக்கிறது. கதையில் மிச்சம் அதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னறையில் அவளுடைய பழைய கட்டிலிலேயே படுத்தாள். நான் சமைத்துப் போட்டேன். அவள் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை, ஆனால் வீட்டில் இருந்தாள். ஒருநாள் அவளை உட்கார வைத்துத் தலை வாரிவிட்டேன். தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. துக்கம் ஆற நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் பட்டறைக்குள் வந்து அலமாரியில் எதையோ தேடினாள். பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அவள் எழுதிய எழுத்து அதன் மேல் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, இதுல இருந்த காயில் எங்க?"

"எப்பவோ தூக்கிப் போட்டுட்டேனேம்மா."

"காயிலைத் தூக்கிப் போட்டுட்டு டப்பாவை மட்டும் வச்சிருந்தீங்களா?"

"நீ எழுதினதாச்சே" என்றேன்.

அவள் வெகுநேரம் என் கைகளையே பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் நாத்தனார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். துணி மடிக்கப் போய்விட்டாள். புருஷனோடு வாழ்ந்த ஊரில் இருக்க மனசு தாங்கவில்லைபோல. இன்று மதியம் பெட்டியைக் கட்டினாள். நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள் அந்த ஹேர் டிரையரை மட்டும் என் வேலை மேசையில், மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறந்திருப்பாள். அவசரத்தில் கிளம்பினால் அப்படித்தான் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

அவள் வாசலைத் தாண்டியதும் நான் நேராக இங்கே நடந்து வந்தேன். வரும் வழியில் நிறைய யோசித்தேன். இறந்தவரின் மனைவி அவள். அந்தக் காயிலின் சீக்கு என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். டப்பா காலியாக இருந்ததைப் பார்த்தவள். இது கொலை வழக்கு என்றால் அவள்தான் முதல் சாட்சி. விசாரணை முடியும்வரை சாட்சி ஊரை விட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் உத்தரவு போடுவீர்கள், இல்லையா? வழக்கு என்றால் வருடக் கணக்கில் இழுக்கும் என்று சொல்கிறார்கள். கோர்ட்டுக்கு நான் வரும் நாளில் எல்லாம் அவளும் வர வேண்டியிருக்கும். ஒரே அறையில் இருப்போம்.

ஆகவே, மேலே எழுதியவை எல்லாம் நான் செய்தவை. சுயநினைவோடு எழுதுகிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ அந்த இடத்தில் போடுகிறேன். கைதியைப் பார்க்க மகளுக்கு வாரத்தில் எத்தனை நாள் அனுமதி உண்டு என்று வாசலில் நிற்கும் காவலரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பரவாயில்லை, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இதை முழுக்கப் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. மாலை வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, பஸ் நிலையம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். முதலில் யாரையாவது அனுப்பி அந்தப் பஸ்ஸை நிறுத்துங்கள்.